மூன்று வாய்ச் சோறும் ஏறிய 17 கிலோவும்: ஸ்லீவ் அறுவை சிகிச்சைக்குப் பின் ஒரு நிகழ்வு ஆய்வு

கொங்கு வட்டாரத்துச் சிறு நகரம் ஒன்றில் கணவரோடு சேர்ந்து ஜவுளிக் கடை நடத்துகிற பெண். வயது 44, உயரம் 156 செ.மீ. ஐந்தாண்டுகளுக்கு முன்பு 112 கிலோ எடையோடு, எடை குறைக்க இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அப்போது அவருடைய பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடை அளவு, 46. சர்க்கரை நோய்க்கு இரண்டு மாத்திரைகள் எடுத்துக்கொண்டிருந்தார், படியேறினால் மூச்சு வாங்கியது, முழங்கால் வலி. அறுவை முடிந்த பதினாறாவது மாதம் எடை 71 கிலோவுக்கு இறங்கியது, சர்க்கரை மாத்திரைகளும் நின்றன. எங்கள் மருத்துவக் குழுவிடம் வந்த அன்று எடை 88 கிலோ. சர்க்கரை திரும்பியிருந்தது, இரவில் நெஞ்செரிச்சல், பாதங்களில் மரமரப்பு. கையில் பழைய ஆய்வறிக்கைகள் அடங்கிய ஒரு பை, பக்கத்தில் கணவரும் மாமியாரும்.

இந்தப் பெண் ஒரே ஆள் அல்ல. இதே சிக்கலோடு வருகிறவர்கள் பலரின் விவரங்களைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி மாற்றி, ஒரே வரலாறாக எழுதுகிறேன். ஆகவே எடை, ஆய்வக எண்கள் எல்லாம் இந்த வரலாற்றுக்காக அமைத்தவை. சிகிச்சைக் காரணங்களும் உணவுக் கணக்கும் மட்டும் அன்றாட நடைமுறையில் இருந்து வந்தவை. இந்தக் குழுவில் என் வேலை உணவு ஆலோசனை. அதனால் சாப்பாட்டுப் பக்கம்தான் இங்கே அதிகம் வரும்.

உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம்: "மேடம், நான் மூன்று வாய்க்கு மேல் சாப்பிடுவதே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன்."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். மாமியார், "அம்மிணி சொல்வது நிஜம்தானுங்க, தட்டில் அப்படியே மீதி கிடக்கும்" என்றார். இத்தகைய பேச்சைக் கேட்டவுடன் நோயாளி மறைக்கிறார் என்று முடிவு கட்டுகிற வழக்கம் மருத்துவமனைகளில் பரவலாக உண்டு. அந்த வழக்கத்தை நான் வெறுக்கிறேன். இந்த வரலாற்றில் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. சிகிச்சையின் திறவுகோலும் அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருந்தது.

எவ்வளவு ஏறியது, எவ்வளவு மிச்சம்

முதலில் எண்களைச் சரியாகப் பார்க்க வேண்டும். 112இல் இருந்து 71 வரை இறங்கியது 41 கிலோ. அதில் 17 கிலோ திரும்பியிருக்கிறது. இழந்ததில் சுமார் 41 சதவீதம். எடை மீட்சியை அளக்கப் பல வரையறைகள் புழக்கத்தில் உள்ளன. குறைந்தபட்ச எடையிலிருந்து 10 கிலோ ஏறினால் என்று ஒன்று, பிஎம்ஐ 5 புள்ளி ஏறினால் என்று இன்னொன்று. 2018இல் அமெரிக்காவின் லேப்ஸ் ஆய்வுக் குழு இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தது. இழந்த எடையில் எத்தனை சதவீதம் திரும்பியது என்ற அளவே சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவை திரும்புவதோடு நன்றாகப் பொருந்தியது. அந்த ஆய்வு இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு நேரே இணைக்கும் அறுவை) செய்துகொண்டவர்களைப் பற்றியது என்றாலும், ஸ்லீவ் செய்தவர்களுக்கும் நாங்கள் அதே அளவைத்தான் பயன்படுத்துகிறோம்.

இதே எண்களை மறுபக்கமிருந்தும் படிக்க வேண்டும். 88 கிலோவில் நிற்கிற இவர், அறுவைக்கு முன்பிருந்த எடையைவிட 24 கிலோ குறைவாகவே இருக்கிறார். தொடக்க எடையில் அது 21 சதவீதம். இதைத் தாளில் எழுதிக் காட்டியபோது அவர் நம்பவில்லை. ஊரில் எல்லோரும் சொல்லிச் சொல்லி, முழுவதும் போய்விட்டது என்றே நினைத்திருந்தார். எடை குறைப்பு அறுவை செய்தவர்களைப் பற்றி சுவீடனில் 1987இல் தொடங்கிய எஸ்ஓஎஸ் ஆய்வு இவருக்குச் சொல்லத் தகுந்தது. அதில் இரைப்பை பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக உடல் எடையில் 32 சதவீதம் இழந்தார்கள். பத்தாண்டு முடிவில் அது 25 சதவீதமாக நின்றது. பின்லாந்தின் ஸ்லீவ்பாஸ் ஆய்வு 240 பேரைப் பத்தாண்டு பின்தொடர்ந்தது. கூடுதல் எடையில், அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக்கு மேல் இருந்த பகுதியில், ஸ்லீவ் செய்தவர்கள் இழந்தது 43.5 சதவீதம், பைபாஸ் செய்தவர்கள் 50.7 சதவீதம். அடிமட்டத்துக்கு இறங்கிய எடை கொஞ்சம் மேலேறி நிலைப்பது உடலின் இயல்பு. எடை குறையும்போது உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலும் குறைகிறது, பசியைத் தூண்டும் சுரப்புகள் மெல்லத் தலைதூக்குகின்றன. இவருடைய வரலாற்றில் அந்த இயல்பான ஏற்றத்தைத் தாண்டிய பகுதி எது, அது எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

எடைக் குறிப்புகளை வரைபடமாகப் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு மருத்துவமனைக் குறிப்பு எதுவும் இல்லை. எடை ஏறத் தொடங்கியதும் வெட்கத்தில் மறு பரிசோதனைக்குப் போவதை நிறுத்திவிட்டார். இப்படி நிறுத்துகிறவர்கள் மிகப் பலர். போக வேண்டிய சமயத்தில்தான் போகாமல் இருக்கிறார்கள். நல்லவேளையாகக் கடையில் துணி மூட்டை நிறுக்கும் தராசு இருந்தது, கணவர் அவ்வப்போது எடையைக் குறித்துவைத்திருந்தார். அந்தக் குறிப்பில் எடை சீராக ஏறவில்லை, படிப்படியாக ஏறியிருந்தது. ஆடித் தள்ளுபடிக்குப் பிறகு ஒரு படி, தீபாவளிக்குப் பிறகு இன்னொரு பெரிய படி. இடைப்பட்ட மாதங்களில் அசையாமல் நின்றது. கடைதான் எடையை ஏற்றுகிறது என்ற சந்தேகம் எனக்கு அங்கேயே எழுந்தது.

தட்டுக்கு வெளியே

ஒரு நாளில் வாய்க்குள் போகும் எல்லாவற்றையும், தண்ணீர் உட்பட, நேரத்தோடு எழுதி வரச் சொன்னேன். இரண்டு நாள் எழுதி நிறுத்திவிட்டார். கடையில் பேனாவைத் தேட நேரமில்லை. அதற்குப் பதிலாக எதைக் குடித்தாலும் தின்றாலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னோம். அது நடந்தது. ஒரு வாரப் படங்களில் ஒரு சாதாரண நாள் இப்படி இருந்தது:

காலை ஏழு மணிக்குக் காபி, மூன்று பிஸ்கட். ஒன்பதுக்கு ஒரே ஒரு இட்லி, தேங்காய்ச் சட்னி. பதினொன்றுக்கு டீ, அதோடு பிஸ்கட். பன்னிரண்டரைக்கு வந்த வாடிக்கையாளருக்கு வாங்கிய டீயில் தனக்கும் ஒன்று, கூடவே ஒரு கை மிக்சர். மூன்றரைக்கு ஒரு சின்னக் கிண்ணம் தயிர் சாதம். ஐந்துக்கு டீ. ஆறு மணிக்கு மேல் கடலை மிட்டாய். ஏழரைக்கு இன்னொரு டீ, இன்னொரு கை மிக்சர். கடை சாத்தி வீடு திரும்பிப் பத்தரைக்கு ஒரு தோசை. பன்னிரண்டு மணிக்கு நெஞ்செரிச்சலில் எழுந்து ஒரு டம்ளர் பால், நான்கு பிஸ்கட்.

கூட்டிப் பார்த்தால் சுமார் 1,850 கலோரி. அதில் இட்லி, தயிர் சாதம், தோசை ஆகிய மூன்று வேளைச் சாப்பாடும் சேர்ந்து 560 கலோரிதான். மீதி 1,300 கலோரி, அதாவது மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல், அவர் சாப்பாடு என்றே கருதாத பொருள்களிலிருந்து வந்தது. காபியிலும் டீயிலும் போன சர்க்கரை மட்டும் பத்துத் தேக்கரண்டி. ஏறத்தாழ 200 கலோரி. புரதமோ மொத்தமாகவே 40 கிராம் அளவில் நின்றது. அதிலும் கணிசமான பங்கு டீயிலும் காபியிலும் இருந்த பாலும், மிக்சரில் இருந்த கடலையும் தந்தது.

ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது குறுகலான ஒரு குழாய். பசிச் சுரப்பான கிரெலின் பெருமளவு உற்பத்தியாகும் மேற்பகுதியும் போய்விடுவதால் தொடக்கத்தில் பசியே தெரியாது. ஆனால் அந்தக் குழாய் எல்லாவற்றையும் ஒரே மாதிரி தடுப்பதில்லை. மென்று விழுங்க வேண்டிய மீன், முட்டை, பயறு, காய் போன்றவை உள்ளே தங்கும். நான்கு வாயில் நிறைவு வந்துவிடும். டீயில் நனைத்த பிஸ்கட்டும், வாயிலேயே கரைகிற மிக்சரும், ஐஸ்கிரீமும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். நிறைவு வராது. கூடவே டீ குடித்தால் இன்னும் வேகமாக இறங்கும். ஆக, வயிறு தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருந்தது. இட்லி ஒன்றோடு அது அவரை நிறுத்தியது. டீயையும் பிஸ்கட்டையும் நிறுத்தும் ஆற்றல் அதற்கு எப்போதுமே இருந்ததில்லை.

இனி மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இவர் ஏன் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எதையாவது வாயில் போட்டார்? கேட்டபோது பையிலிருந்து லேமினேட் செய்த ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த உணவுத் தாள். "இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக, மென்மையான உணவாக" என்று அதில் இருந்தது. தையல் ஆறாத முதல் வாரங்களுக்கு அது மிகச் சரியான அறிவுரை. மூன்றாம் மாதத்தோடு அந்தத் தாள் முடிந்துவிடுகிறது. நான்காம் மாதத்தில் இருந்து வாழ்நாள் முழுவதும் எப்படிச் சாப்பிடுவது என்று எந்தத் தாளும் அவரிடம் இல்லை. ஐந்தாண்டுகளாக அவர் அந்தப் பழைய கட்டளைக்குக் கீழ்ப்படிந்துகொண்டே இருந்திருக்கிறார். எடை மீட்சியோடு வருகிறவர்களிடம் "கட்டுப்பாடு போய்விட்டது" என்று சொல்லுமுன் எல்லோரும் இதை யோசிக்க வேண்டும் என்பதே என் கருத்து. காலாவதியான விதியை நேர்மையாகப் பின்பற்றியவருக்கு இன்னும் அதிகக் கட்டுப்பாட்டைப் போதிப்பது அநியாயம்; அவருக்குப் புதிய விதிதான் வேண்டும்.

கோழிக்கறியை ஏன் விட்டார் என்பதும் இதில் அடங்கும். நான்காம் மாதத்தில் ஒரு கல்யாண வீட்டில் வறுத்த கோழி தொண்டைக்குக் கீழே அடைத்து, வியர்த்து, வாந்தி எடுத்தார். அன்று முதல் கறி, முட்டை எதுவும் வேண்டாம் என்று மென்மையான சோற்றுக்கும் தோசைக்கும் மாறிவிட்டார். வயிறு வலிக்காமல் இறங்குவது எதுவோ அதை நாடிப் போவது மனித இயல்பு. அப்படி நாடிப் போனதெல்லாம் மாவுச்சத்தாக அமைந்துவிட்டது.

மாத்திரைகள்

சாப்பாட்டோடு நிறுத்தியிருந்தால் பாதிதான் கண்டுபிடித்திருப்போம். எங்கள் பொது மருத்துவர் மாத்திரை அட்டைகளை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றும் எப்போது தொடங்கியது என்று கேட்டார். அப்போது வெளிவந்த சங்கிலி எனக்கே வியப்பாக இருந்தது.

இரண்டாண்டுகளுக்கு முன்பு சர்க்கரை திரும்பியபோது உள்ளூரில் மெட்பார்மினோடு கிளிமிபிரைடு மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். அது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும் மருந்து; எடையை ஏற்றும் குணமும் சர்க்கரையைத் தாழ்த்திவிடும் குணமும் உண்டு. காலையில் மாத்திரை, ஒரே ஒரு இட்லி, பிறகு மூன்றரை வரை சாப்பாடு இல்லை. பதினொன்று, பன்னிரண்டு மணிவாக்கில் கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். இனிப்பு டீ குடித்தால் சரியாகும். மாலையிலும் அதுவே நடக்கும். கடலை மிட்டாய் தின்றால் நிற்கும். நடுக்கம் வரும்போது குளுக்கோமீட்டரில் பார்க்கச் சொன்னோம். 58 என்று ஒருமுறை, 61 என்று ஒருமுறை; இரண்டுமே தாழ்வு. பசிக்காகவும் சபலத்துக்காகவும் அவர் தின்னவில்லை. மயங்கி விழாமல் இருக்கத் தின்றார்! இத்தகைய அறுவைக்குப் பிறகு மருந்தே இல்லாமலும், மாவும் இனிப்பும் சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் சர்க்கரை தாழ்வது உண்டு என்பதால் அதையும் மனத்தில் வைத்திருந்தோம். கிளிமிபிரைடை மருத்துவர் நிறுத்தி, எடையைப் பாதிக்காத சிட்டாகிளிப்டினைக் கொடுத்த பிறகு நடுக்கம் வரவே இல்லை. காரணம் தெளிவாகிவிட்டது.

அடுத்தது பாத மரமரப்பு. சர்க்கரை நரம்பு பாதிப்பு என்று சொல்லி ஒன்றரை ஆண்டாக இரவில் பிரிகாபலின் கொடுத்துவந்தார்கள். அதுவும் எடையை ஏற்றும் மருந்து. ரத்தத்தில் வைட்டமின் பி12 பார்த்தோம்: 148, 200க்குக் கீழே குறைபாடு. இரைப்பையின் பெரும்பகுதி இல்லாதவருக்கு பி12 உறிஞ்சுதல் குறையும், மெட்பார்மின் அதை மேலும் குறைக்கும். ஈடுகட்டக் கொடுத்திருந்த சத்து மாத்திரைகளை இரண்டாம் ஆண்டே நிறுத்திவிட்டார்; செலவு ஒரு காரணம், "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்ற எண்ணம் இன்னொன்று. வைட்டமின் டி 14, ஹீமோகுளோபின் 10.2, இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் 9; எல்லாமே குறைவு. சோர்ந்து கிடந்ததன் காரணம் இதுவே. நடக்கத் தெம்பில்லை என்று அவர் சொன்னதை வீட்டில் யாரும் நம்பவில்லை. தைராய்டு மட்டும் சரியாக இருந்தது. பி12 ஊசி தொடங்கி, மரமரப்பு தணியத் தணியப் பிரிகாபலினைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார் மருத்துவர். இதைப் படிக்கிற யாரும் தங்கள் மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். பிரிகாபலினைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

நெஞ்செரிச்சல் மூன்றாவது கண்ணி. ஸ்லீவ் செய்தவர்களில் இரைப்பை அமிலம் மேலேறி வரும் தொல்லை கூடுவது நன்கு அறியப்பட்டது. பின்லாந்து ஆய்வின் பத்தாண்டு முடிவில் உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கும் பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம் பேருக்கும் இருந்தது. இவர் பத்தரைக்குத் தோசை சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுப்பார். பன்னிரண்டுக்கு எரியும். பாலும் பிஸ்கட்டும் சற்று நேரம் தணிக்கும். பிறகு அதுவே மீண்டும் அமிலத்தைச் சுரக்க வைக்கும். எண்டாஸ்கோப்பியில் உணவுக்குழாயில் லேசான புண்ணும் சிறிய உதரவிதான இறக்கமும் (இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுப் பக்கம் ஏறியிருப்பது) தெரிந்தன. இரைப்பைக் குழாய் ஓரளவு விரிந்திருந்தது. ஆனால் வெட்டாமல் விடப்பட்ட மேற்பகுதியோ வேறு பெரிய அமைப்புக் கோளாறோ இல்லை.

"இன்னொரு ஆபரேஷன் செய்துவிடலாமா?"

கணவர் கேட்டது இதைத்தான். பணம் புரட்டத் தயாராக வந்திருந்தார். எங்கள் அறுவை நிபுணர் நேராகப் பதில் சொன்னார்: ஸ்லீவை பைபாஸாக மாற்றுவது சாத்தியம். நெஞ்செரிச்சலுக்கு அது நல்ல தீர்வு. ஆனால் எடைக்காக மட்டும் செய்தால், முதல் அறுவையில் கிடைத்த அளவு இறக்கம் இரண்டாவதில் கிடைக்காது, சிக்கல்களும் கூடுதல். இப்போதைய வழக்கங்களோடு பைபாஸ் செய்தால் டீயும் பிஸ்கட்டும் அந்தச் சிறிய பையையும் வழுக்கிக் கடக்கும்.

எடையைக் குறைக்கும் வாராந்திர ஊசிகளைப் பற்றி அவர்களே கேட்டார்கள். டிர்செபடைடு 2025 மார்ச்சிலும், எடைக்கான செமாகுளூடைடு அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்த பிறகு இந்தக் கேள்வி இல்லாத நாளே இல்லை. அறுவைக்குப் பின் எடை போதுமான அளவு குறையாதவர்களுக்கு இவ்வகை மருந்து பலன் தருகிறது என்பதற்குச் சான்று உண்டு. லண்டனில் 70 பேரிடம் நடந்த பேரி-ஆப்டிமைஸ் ஆய்வில், இதே வகையில் தினமும் போடும் ஊசியான லிராகுளூடைடு எடுத்தவர்கள் 24 வாரங்களில் சுமார் 9 சதவீத எடையை இழந்தார்கள். ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத ஊசி எடுத்தவர்களிடம் ஏறக்குறைய மாற்றமே இல்லை. நான் இந்த மருந்துகளுக்கு எதிரியல்ல. ஆனால் நாளைக்கு 40 கிராம் புரதமும் இவ்வளவு இரும்புக் குறைபாடும் உள்ளவருக்குப் பசியை மேலும் அடக்கினால் தசைதான் கரையும். முதலில் அடித்தளத்தைச் சரிசெய்வோம், ஊசி அதன் பிறகு என்று மூவரும் ஒத்துக்கொண்டோம்.

கடைக்குள் ஒரு சாப்பாட்டு நேரம்

இலக்குகளை எழுதுவது சுலபம். பிஎம்ஐ 23க்குரிய எடை இவருக்கு 56 கிலோ; கிலோவுக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் கூட என்று வைத்தால் நாளைக்கு 60 கிராமுக்கு மேல் புரதம் வேண்டும். நாளுக்கு மூன்று வேளை, மாலையில் ஒரு சிறு வேளை. இடையில் தீனி எதுவும் இல்லை. தட்டில் முதலில் புரதம், அடுத்துக் காய், கடைசியில் சோறு. சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், முடித்து அரை மணி கழித்துக் குடிக்கலாம். டீ இரண்டு வேளை, சர்க்கரை இரண்டு கரண்டியிலிருந்து ஒன்றாகி, பிறகு இல்லாமல்.

கடினம் எங்கே என்றால், மதியம் ஒரு மணிக்குக் கல்லாவில் யார் உட்காருவது என்பதில். கூட்டம் வரும் நேரம் அது. கணவர் ஒரு மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுச் சற்றுப் படுத்து வருவார். அவர் வந்த பிறகு மூன்றரைக்கு மனைவி சாப்பிடுவார். இருபது ஆண்டாக அப்படித்தான். மனைவியின் சாப்பாட்டு நேரம் கணவரின் தூக்கத்துக்குப் பின்னால் நின்றது என்பதை இருவருமே கவனித்ததில்லை. ஒன்றேகாலிலிருந்து ஒன்றே முக்கால் வரை மனைவி பின்னறையில் உட்கார்ந்து சாப்பிடுவது, அந்த அரை மணி நேரம் கணவர் கல்லாவை விட்டு அசையாமல் இருப்பது என்று முடிவாயிற்று. எந்த மருந்தையும்விட இந்த ஏற்பாடு பெரிய வேலை செய்தது என்று உறுதியாகச் சொல்வேன். இரவு உணவை எட்டு மணிக்கு மாமியார் டப்பாவில் அனுப்புவதாகச் சொன்னார். எட்டுக்குச் சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுத்ததில் நள்ளிரவு எரிச்சல் பெருமளவு அடங்கியது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் தலைமாட்டை உயர்த்தியதும் துணை நின்றன. நள்ளிரவுப் பாலும் பிஸ்கட்டும் தாமாகவே நின்றன.

புரதத்தைத் திரும்பப் பழக்குவதில் அவசரப்படவில்லை. வேகவைத்த முட்டையை நன்கு மசித்துக் கொஞ்சம் மிளகோடு தொடங்கினோம். அடுத்துக் குழம்பில் கிடந்து ஊறிய மீன். அது மென்மையாகவும் ஈரமாகவும் இருப்பதால் அடைக்காது. பனீர், பச்சைப்பயறு தோசை, அடை, சுண்டல் என்று விரிந்தது. சில வாரங்களில் ஒரு நாள் இப்படி அமைந்தது: காலையில் இரண்டு முட்டையும் ஒரு இட்லியும் சாம்பாரும், பதினொன்றுக்கு மோர், மதியம் கை அளவு மீனும் பொரியலும் அரைக் கிண்ணம் சோறும், ஐந்துக்கு ஒரு சிறு கிண்ணம் சுண்டல், இரவு பருப்பு அதிகம் போட்ட ஒரு அடையும் தயிரும். 60 கிராம் எட்டிவிடும். புரட்டாசியில் கவுச்சி கிடையாது என்பதால் மீனுக்குப் பதில் பனீர் அல்லது சோயா உருண்டை. 50 கிராம் உலர் சோயாவில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் இருக்கிறது. முட்டையும் வேண்டாம் என்ற அந்த மாதத்தில் நவராத்திரிச் சுண்டல் எங்களுக்கு நன்றாகக் கைகொடுத்தது.

புரதப் பொடி எடுபடவில்லை. வாடை பிடிக்காமல் குமட்டியது, விட்டுவிட்டோம். இந்த அறுவை செய்தவர்களுக்கு வாந்தி தொடர்ந்தால் வைட்டமின் பி1 வேகமாகக் குறைந்து நரம்பையும் மூளையையும் பாதிக்கும். அதனால் வாந்தி வரும் எதையும் கட்டாயப்படுத்துவதில்லை. கோழி இன்னமும் அடைக்கிறது. உடற்பயிற்சி பற்றி நீட்ட ஒன்றுமில்லை: கடை திறக்குமுன் நடை, வாரம் இரு முறை ரப்பர் பட்டை இழுக்கும் பயிற்சி. ஹீமோகுளோபின் ஏறிய பிறகுதான் அதையும் தொடங்கினோம்; ரத்தம் இல்லாதவரை நடக்கச் சொல்லிக் கடிந்துகொள்வதில் பொருள் இல்லை.

மனம் பற்றியும் எழுத வேண்டும். அளவுக்கு மீறித் தின்று நிறுத்த முடியாமல் தவிக்கும் கோளாறு இவரிடம் இல்லை என்று மனநல ஆலோசகர் பார்த்துச் சொன்னார். ஆனால் கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். "ஆபரேஷன் செய்தும் இப்படியா?" என்று ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். "24 கிலோ குறைந்திருக்கிறேன்" என்பதையே அவர் தேர்ந்தெடுத்தார். முதல் தடவை சொன்னது மாமியாரின் தங்கையிடம்.

பதினோரு மாதங்கள்

ஆறாவது வாரத்தில் 86.4 கிலோ. ஐந்தாம் மாதம் 82. பிறகு தீபாவளி வந்தது. இரவு பதினொன்று வரை கடை, எட்டு மணி டப்பா பிரிக்கப்படாமல் வீடு திரும்பியது, டீயும் காபியுமாக மீண்டும் ஐந்தாயிற்று. தீபாவளி முடிந்து வந்தபோது 83.5. முந்தைய ஆண்டுகளைப் போல அவர் ஒளிந்துகொள்ளவில்லை. அடுத்த வாரமே வந்து நின்றார். இந்த வரலாற்றில் நான் வெற்றி என்று எண்ணுவது இதைத்தான். பொங்கலுக்குள் ஏறியது இறங்கியது. பதினோராம் மாதம் 79.5 கிலோ, பிஎம்ஐ 32.7. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 7.6இல் இருந்து 6.6 ஆனது. ஹீமோகுளோபின் 12.1. மரமரப்பு விரல் நுனிகளில் மட்டும் மிச்சம். இழந்த எடையில் திரும்பியிருப்பது 41 சதவீதமாக இருந்தது, இப்போது 21.

71 கிலோ திரும்ப வரும் என்று நாங்கள் சொல்லவில்லை, அவரும் கேட்பதை நிறுத்திவிட்டார். அறுவைக்குப் பிந்தைய பதினாறாவது மாதத்தின் எடையை வாழ்நாள் இலக்காக வைப்பது ஏறக்குறைய எல்லோரையும் தோற்றவராக்கிவிடும். சர்க்கரையும் நடையும் தூக்கமும் சரியாக இருக்கிற 80 கிலோ நல்ல எடைதான்.

இன்னும் முடிவடையாத காரியங்கள் இரண்டு உள்ளன. அமில மாத்திரையை நிறுத்திப் பார்த்தால் பத்து நாளில் எரிச்சல் திரும்புகிறது. அதனால் அடுத்த எண்டாஸ்கோப்பியில் புண் ஆறாமல் இருந்தால் பைபாஸாக மாற்றுவது பற்றி அறுவை நிபுணர் மறுபடியும் பேசுவார். அப்போது அது நெஞ்செரிச்சலுக்கான அறுவையாக இருக்கும், எடைக்கானதாக அல்ல என்பதை அவரும் கணவரும் தெளிவாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். எடை இரண்டு மாதம் தொடர்ந்து 83க்கு மேல் நின்றால் வாராந்திர ஊசியைத் தொடங்கலாம் என்று குறிப்பேட்டில் எழுதி மருத்துவர் கையெழுத்திட்டிருக்கிறார்.

இன்னொன்று ஆடித் தள்ளுபடி. அந்த மாதம் முழுவதும் மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டு வரையும், இரவு எட்டிலிருந்து எட்டரை வரையும் கல்லாவில் உட்காரக் கணவரின் அண்ணன் மகளுக்குச் சம்பளம் பேசியிருக்கிறார்கள். ஆனி கடைசி வாரத்தில் ஒருமுறையும் ஆடி பதினெட்டு முடிந்து ஒருமுறையும் எடை பார்க்க வர வேண்டும் என்று தேதி கொடுத்திருக்கிறோம். பழைய லேமினேட் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, புதிய தாள் ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதன் அடியில், ஓராண்டுக்குப் பிறகு இது செல்லாது, வந்து மாற்றிக்கொள்ளவும் என்று போட்டிருக்கிறது.